முறைப்பாட்டு அன்ரி

அன்ரி தொண்டையைச் செருமினால் மனேஜர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். அது ஒரு பெண்ணின் செருமல் மாதிரி இராது. கந்தோரில் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்து பழகிய ஆம்பிளையின் செருமல். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நாடியைச் சற்றுத் தூக்கி, "வட் இஸ் திஸ், மிஸ்டர்?" என்று தொடங்குவார். பைப் ஒழுகுகிறது. சுடுதண்ணி சுடவில்லை. சுவரில் கப்பல் படம் சரிந்து கிடக்கிறது. கார்பெற் நனைந்த நாய் மாதிரி மணக்கிறது. ஆங்கிலம் கணீரென்று வரும். சொல்லி முடித்ததும் ஒரு சின்னத் தலையாட்டல். மனேஜர் "பார்க்கிறேன் மேடம்" என்பார். அன்ரி திரும்பிப் படியேறிப் போவார்.

இதையெல்லாம் நான் கவுண்டருக்கு முன்னால் கிடந்த பழைய கதிரையில் இருந்தபடி, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அங்கே வேறு பொழுதுபோக்கு இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில், சென்ட் கில்டா கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே, ட்ராம் ஓடும் தெருவில் இருந்தது அந்த ஹோட்டல். நானும் கணவரும் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய கையோடு, அவரை எஞ்சினியராக வேலைக்கு எடுத்த கொம்பனி எங்களை அங்கே கொண்டுபோய் விட்டது. வீடு பார்க்கும்வரை ஒரு மாதம் என்றார்கள். வர முன்னமே விளம்பரத் தாள் ஒன்று அனுப்பியிருந்தார்கள். நெடுநாள் தங்குவதற்கு வசதியான சூட், குசினியுடன், குறைந்த வாடகையில். சூட் என்ற சொல்லை நான் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லிப் பெருமையடித்தேன் என்று நினைத்தால் இப்பவும் முகம் சிவக்கிறது.

வந்து பார்த்தால், ஒரே அறைக்கு நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி வைத்திருந்தார்கள். அதுதான் சூட். குசினி அலுமாரிக்குள் இருந்தது. கதவைத் திறந்தால் இரண்டு சுருள் அடுப்பும் கை கழுவுகிற அளவில் ஒரு தொட்டியும். பக்கத்து அலுமாரியில் உடுப்பு. நான் மீன் கறி வைத்தால் கணவர் மீன் மணத்தோடு வேலைக்குப் போவார். யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவர், கையை நீட்டினால் தொடலாம். ஒரு மாதம் என்று வந்தது, வெயில் போய், இலை கொட்டி, குளிரும் வந்துவிட்டது. வீடு இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்றே கொம்பனி சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கிடையில் என் வயிற்றில் பிள்ளை வந்துவிட்டது. அம்மா யாழ்ப்பாணத்தில். கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் இருந்த சத்தி நின்று புதிதாக வேறொரு கரைச்சல் தொடங்கியிருக்கும். எனக்குப் பக்கத்தில் நின்று 'இது இப்பிடித்தான், பயப்பிடாதை' என்று சொல்ல ஒரு பெரிய மனுசி வேண்டும் என்று தவித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயத்தில் அழுதேன்.

அந்த நாளில்தான் கொரிடோரில் கறித்தூள் வறுக்கும் மணம் வந்தது. மணத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். எங்களுக்கு மூன்று அறை தள்ளி ஒரு கதவு அரைவாசி திறந்து கிடந்தது. உள்ளே, கவுண்டரில் நான் வேடிக்கை பார்த்த அதே அம்மா.

"வாரும் பிள்ளை. உம்மடை நடையைப் பார்க்கவே விளங்கினது. எத்தினை மாதம்?" என்றார்.

நான் திகைத்துப் போனேன். கவுண்டரில் கேட்ட குரல் இல்லை இது. பஞ்சு மாதிரி ஒரு குரல். வசனம் பாதியில் நின்றுவிடும், மிச்சத்தை நாங்கள்தான் முடித்துக்கொள்ள வேண்டும். கைகள் முதுகுக்குப் பின்னால் போகாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து நான் 'அன்ரி' என்று ஒட்டிக்கொண்டேன். அவருக்கு ஆஸ்பத்திரி லோண்டரி ஒன்றில் துணி மடிக்கும் வேலை. காலையில் கவுண்டரில் சொல்லி முடித்த கையோடு போய்ப் பின்னேரம் வருவார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார்.

ஒருநாள் எனக்குக் கணவாய்க் கறி தின்ன வேண்டும் போல் இருந்தது. சாதாரண ஆசை இல்லை, கண்ணில் தண்ணி வருகிற ஆசை. அந்தக் காலத்தில் அங்கே வெள்ளைக்காரர் கணவாய் தின்னமாட்டார்கள். மீன்கடையில் கேட்டால் தலையைச் சொறிவார்கள். அன்ரி என்னைக் கடற்பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தூண்டில்காரருக்கு இரை விற்கும் கடையில் கணவாய் பெட்டி பெட்டியாக இருந்தது.

"என்ன மீன் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று கடைக்காரன் கேட்டான்.

அன்ரி என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். "பெரிய மீன்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் சிரித்தோம். அடுப்படியில் நின்று கணவாயைத் துப்புரவாக்கும்போது, "அவருக்கும் இது எண்டால் உயிர். ஆனா ஒருநாளும் நல்லாயிருக்கு எண்டு சொன்னதில்லை" என்றார். அவர் யார் என்று நான் கேட்கவில்லை. சுவரில் படம் இருந்தது. மீசை வைத்த, கோட் போட்ட, படம் பிடித்தவனையே பிழை கண்டுபிடிக்கிற மாதிரிப் பார்க்கிற முகம். அவருடைய சாம்பல் நிறக் கோட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

எங்கள் அறையில் அன்ரிக்கு 'முறைப்பாட்டு அன்ரி' என்று பெயர். என் கணவர் வைத்தது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கையைப் பின்னால் கட்டி, "வட் இஸ் திஸ், மிஸிஸ்? வேர் இஸ் த சோல்ட்?" என்று அன்ரி மாதிரிச் செய்து காட்டுவார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். இவ்வளவு குறை சொல்கிற மனுசி ஏன் வேறு இடம் பார்த்துப் போகவில்லை என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் ஒரு கிழமையில் ஓடிவிடத் துடித்த இடத்தில் அவர் தானாகவே இருந்தார்.

சிரிப்பு நின்றது பைப்பினால்தான்.

மனேஜர் மோல்ட்டாத் தீவிலிருந்து வந்தவர். தச்சு வேலையும் தெரிந்த மனுசன், பொறுமைசாலி. ஒருநாள் அன்ரி கவுண்டரில் பைப் ஒழுகுவதைப் பற்றி முழங்கிவிட்டுப் போக, மனேஜரும் ஆயுதப் பெட்டியோடு பின்னாலேயே மேலே போனார். நானும் படியேறிக்கொண்டிருந்தேன். திறந்த கதவால் பார்த்தேன். மனேஜர் பைப்பின் முன்னால் நின்றார். அன்ரி பக்கத்தில் நின்றார். பைப்பில் ஒரு சொட்டும் இல்லை. புதுப் பைப், பளபளவென்று மின்னியது. இருவரும் தலையைச் சாய்த்து, ஒழுகாத தண்ணியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சரி மேடம். கவனிக்கிறேன்" என்றார் மனேஜர்.

கீழே வந்ததும் அவரை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் ஆயுதப் பெட்டியைக் கவுண்டருக்கு அடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பைப்பை நான் போன வருடமே மாற்றிவிட்டேன். கார்பெற்றையும் மாற்றிவிட்டேன். கப்பல் படத்தைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறேன். அது சரியவே முடியாது."

"அப்ப ஏன்?"

"இவை அந்த அம்மாவின் முறைப்பாடுகள் இல்லை. புருசனுடையவை. அவர் இருந்தபோது தினமும் இந்த இடத்தில் நின்று சொல்வார். இப்படித்தான் கை கட்டி, இதே சொற்கள். அந்த அம்மா அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. ஊமையோ என்றுகூட நினைத்தேன். அவர் செத்துக் கொஞ்ச நாளில் ஒரு காலை செருமல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மா நின்றார்."

மனேஜர் நெற்றியிலிருந்து நெஞ்சுவரை சிலுவை போட்டுக்கொண்டார்.

"வரிசைகூட மாறாது. பைப், சுடுதண்ணி, படம், கார்பெற், யன்னல், கடைசியாகக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாட்டுகிற மெசின். அது முடிந்தால் திரும்பவும் பைப்."

அன்று நான் கவுண்டருக்கு முன்னால் உட்காரவில்லை. கணவரிடம் சொன்னேன். அவர் எஞ்சினியர் அல்லவா, பெரிதாகச் சிரித்தார். "அவுஸ்ரேலியாவுக்கு வாறதெண்டால் பேய்க்கும் விசா வேணுமப்பா" என்றார். ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் கையைப் பின்னால் கட்டி நடிப்பதை விட்டுவிட்டார்.

எனக்கோ அதற்குப் பிறகுதான் கண் கூர்மையானது. இவ்வளவு முறைப்பாட்டில் ஒரேயொரு குறை மட்டும் வரவில்லை. அந்த அறைக் கதவு. அது சாத்தி நிற்காது. சாத்தினால் ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்திருந்து, பிறகு மெதுவாக, யாரோ உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு திறப்பது போல, அரைவாசிக்குத் திறக்கும். கட்டடம் இறங்கி நிலை வளைந்துபோனதில் பூட்டின் நாக்கு அதன் துளைக்கு எட்டுவதில்லை. அன்ரி இரவில் ஒரு கதிரையை முட்டுக் கொடுப்பார். வேலைக்குப் போகும்போது திறந்தபடியே விட்டுப் போவார்.

"அன்ரி, மனேஜர் தச்சு வேலை தெரிஞ்சவர்தானே. இந்தக் கதவையும் சொல்லுங்கோவன்" என்று ஒருநாள் யதார்த்தமாகச் சொன்னேன்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அதைப் பற்றி நீர் ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாது" என்றார். பஞ்சுக் குரல்தான். ஆனால் வசனம் பாதியில் நிற்கவில்லை.

குளிர் முடியும் தறுவாயில் இரண்டு செய்தி ஒன்றாக வந்தன. நகரத்துக்கு வெளியே மல்கிரேவில் எங்களுக்கு ஒரு வீடு சரி வந்துவிட்டது. சுற்றிவர வெறும் புல்வெளியும் புதுச் செங்கலும், ஆனால் மூன்று அறை, தனிக் குசினி. மற்றச் செய்தி, ஹோட்டலை இடிக்கப் போகிறார்கள். முதலாளி நிலத்தை விற்றுவிட்டார். மாத முடிவுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும்.

நான் துள்ளிக்கொண்டு அன்ரியிடம் ஓடினேன். "அன்ரி, எங்களோடை வாங்கோ. ஒரு அறை உங்களுக்குத்தான். எனக்கும் பிள்ளை பிறக்கேக்குள்ள ஆள் வேணும். எனக்கு உங்களை விட்டால் இஞ்சை ஆர் இருக்கினம்?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்கு வர ஏலாது பிள்ளை."

"இந்தக் கட்டடமே இருக்காது அன்ரி! எங்கை இருப்பியள்?"

அவர் படத்தைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். அது வழமைபோல அரைவாசி திறந்து கிடந்தது. அப்போதுதான் சொன்னார். ஒவ்வொரு வசனமும் பாதியில் நின்று நின்று வந்தது.

அங்கிள் கடைசியாகக் கண்டுபிடித்த குறை இந்தக் கதவுதான். காலையில் சாத்தினார், திறந்தது. இரண்டாம் முறை சாத்தினார், திறந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு, "இண்டைக்கு அவனுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியால் இறங்கினார். அன்ரி தொப்பியோடு பின்னால் போனார். பாதிப் படியில் அங்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். எழும்பவில்லை. மனேஜருக்குக் கதவைப் பற்றி ஒருபோதும் தெரியாது.

"எட்டாம் நாள் படைச்சனான் பிள்ளை. தெரிஞ்ச சனம் இரண்டு மூண்டு பேர் வந்தவை. சோறு கறி எல்லாம் வைச்சு, விளக்குக் கொளுத்தி, கதவைச் சாத்திப்போட்டு வெளியிலை நிண்டம். உமக்குத் தெரியுந்தானே, ஆரும் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவை சாப்பிடாயினம்…"

தெரியும். எங்கள் ஊரில் செத்தவருக்குப் படைத்தால் அறையைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போகக் கொஞ்ச நேரம் கொடுத்து, தட்டிவிட்டுத்தான் திறப்பார்கள்.

"கதவு திறந்திட்டுது. எல்லாரும் நிண்டு பார்க்க, தன்பாட்டிலை திறந்திட்டுது. நான் திரும்பச் சாத்தினன். திரும்பத் திறந்திட்டுது. சனம் ஆளையாள் பார்த்திட்டுப் போட்டுதுகள். அவர் சாப்பிடேல்லை, பிள்ளை. பசியோடை நிக்கிறார். அவரை விட்டிட்டு நான் எப்பிடி வாறது?"

"அப்ப கதவைத் திருத்திப்போட்டுத் திரும்பப் படைக்கலாந்தானே?" என்றேன்.

அன்ரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "திருத்தினால் சாப்பிடுவார். சாப்பிட்டால் போயிடுவார்" என்றார்.

கதவு கெட்டுக் கிடக்கும்வரைக்கும் அங்கிள் பசியோடு இருப்பார், ஆனால் இருப்பார். மற்ற எல்லா முறைப்பாட்டையும் அவருக்குப் பதிலாக இவர் சொல்லி அவரை நடமாட வைத்துக்கொள்வார். அந்த ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். இந்த வெறும் பலகைக் கதவில்தான் ஒரு மனுசியின் சீவியம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. இடிப்பவர்களுக்கு இது தெரியவா போகிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் அழுதேன். அன்ரி அழவில்லை, என் தலையைத் தடவிவிட்டார்.

ஹோட்டல் காலியாகத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு அறை வெறிச்சோடியது. சுவர்களில் படங்கள் இருந்த இடத்தில் வெளிறிய சதுரங்கள் மிஞ்சின. குழாய்களுக்குள் தண்ணி முனகுகிற சத்தம், ஆட்கள் இருந்தபோது கேட்காதது, இப்போது பகலிலேயே கேட்டது. எங்களுக்குச் சாமான் கட்டுகிற வேலை. அன்ரி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார், ஒன்றும் கட்டவில்லை. பைப், சுடுதண்ணி, படம் என்று முறைப்பாடு மட்டும் ஒழுங்காக நடந்தது.

பாண் மெசின் முறைப்பாடு முடிந்த மறுநாள், நான் கீழே நின்றேன். செருமல் கேட்டது. மனேஜர், "பைப்பா மேடம்?" என்று தானே எடுத்துக் கொடுத்தார்.

அன்ரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார். கட்டிய கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன்.

"வட் இஸ் திஸ், மிஸ்டர்? என் அறைக் கதவு சாத்தி நிற்கிறதில்லை. இதென்ன ஹோட்டலா, சந்தையா? உடனே திருத்த வேண்டும்."

மனேஜர் விழித்தார். "மேடம், அடுத்த கிழமை இந்தக் கட்டடத்தையே இடிக்கிறார்கள்."

"அது உங்கள் விசயம். கதவு சாத்த வேண்டும்."

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மனுசன் மறுபேச்சில்லாமல் ஆயுதப் பெட்டியை எடுத்தார். அன்று பின்னேரம் முழுக்க அந்த அறை வாசலில் முழங்காலில் நின்று நிலையைச் சீவி, பிணைச்சலைக் கழற்றிப் பூட்டி, பூட்டின் துளையை மேலே ஏற்றி வைத்தார். இடிக்கப்போகிற வீட்டுக் கதவுக்கு இவ்வளவு பக்குவமாக வேலை செய்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைசியில் சாத்திக் காட்டினார். க்ளிக் என்று ஒரு சத்தம். அன்ரி அந்தச் சத்தத்துக்கு ஒருமுறை உடம்பு குலுங்கினார்.

அடுத்த நாள் அன்ரி வேலைக்குப் போகவில்லை. கடற்பாலத்தடிக்குப் போய்க் கணவாய் வாங்கி வந்தார். "இடிக்கிற இடத்திலை அவரைப் பசியோடை விட்டிட்டுப் போகேலாது, பிள்ளை" என்றார். அந்த இரண்டு சுருள் அடுப்பில் சோறு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை எல்லாம் செய்தார். புதுத் தட்டு ஒன்றில் படைத்து, பக்கத்தில் ஒரு கிளாசில் விஸ்கியும் ஊற்றி வைத்தார். பொழுது சாயும் நேரம், விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்தார்.

"வயித்திலை பிள்ளையோடை நீர் இஞ்சை நிக்கக் கூடாது" என்றார் என்னிடம்.

"நான் நிப்பன்" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது அந்தப் பிடிவாதம். கடைசியில் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். என் கணவர் என் பக்கத்தில் நின்றார். மனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அன்ரி கதவைச் சாத்தினார்.

ஒரு மூச்சு விடும் நேரம் போயிற்று. எல்லோரும் கதவையே பார்த்தோம். திறக்கவில்லை.

அந்தக் கொரிடோரில் எல்லா அறைகளும் காலி. குழாய்கூட அன்று முனகவில்லை. கதவுக்கடியால் விளக்கு வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அது இரண்டு தரம் மங்கி மீண்டது. காற்றாக இருக்கலாம். அந்த அறை யன்னல் திறக்கவே திறக்காது என்பது அன்ரியின் முறைப்பாடுகளில் ஒன்று என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது. என் கணவர் என் கையைத் தேடிப் பிடித்தார். அவருடைய கை ஈரமாக இருந்தது.

அன்ரி கதவுக்கு முகம் கொடுத்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நின்றார். நேரம் போகப் போக அந்தக் கைகள் மெல்ல அவிழ்ந்து இரு பக்கமும் தொங்கின. முதுகும் கொஞ்சம் கூனியது. என் கண் முன்னாலேயே ஒரு ஆள் இறங்கிப் போவதை நான் பார்த்தேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு அன்ரி மெதுவாகத் தட்டினார். திறந்து உள்ளே போனார். படையலில் ஒரு துண்டு கணவாயை எடுத்து வாயில் வைத்தார்.

"உப்புக் காணாது" என்றார் பஞ்சுக் குரலில். "ஒரு சொல்லுச் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார், பாவம்."

படைத்ததை மனேஜருக்கும் என் கணவருக்கும் பகிர்ந்து கொடுத்தார். எனக்குப் படையலில் இருந்து தராமல் சட்டியில் இருந்து தனியாகப் போட்டுத் தந்தார். மனேஜர் தூண்டில் இரையைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அன்ரி தன் சாமான்களைக் கட்டினார். எங்களோடு வருவதாகச் சொன்னார். நான் எவ்வளவு சந்தோசப்பட்டிருக்க வேண்டும்! கேட்டது கிடைத்துவிட்டதே. ஆனால் கிடைத்தது அன்ரிதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மிஞ்சிய நாட்களில் அவர் வாயே திறக்கவில்லை. கேட்டால் "ஓம்", இல்லாவிட்டால் "இல்லை". சுடுதண்ணி உண்மையாகவே நின்றுபோனது. மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேர் கவுண்டரில் போய்க் கத்தினார்கள். அன்ரி பச்சைத்தண்ணியில் குளித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மனேஜர் தினமும் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் படிக்கட்டைப் பார்ப்பதை நான் கண்டேன். செருமல் வரவில்லை. ஒருவரைத்தானே அனுப்பினோம், இரண்டு பேரும் போய்விட்டார்களோ என்று நான் உண்மையிலேயே பயந்தேன். தொப்பியோடு பின்னால் நின்ற அந்த ஊமை மனுசியைத்தான் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று தோன்றியது.

புறப்பட்ட காலை தூறிக்கொண்டிருந்தது, நல்ல குளிர். கணவர் வாங்கியிருந்த பழைய காரில் பெட்டிகளை அடுக்கினோம். மனேஜர் வாசல்வரை வந்து அன்ரியின் கையைக் குலுக்கினார். நான் முன்சீற்றில் ஏறினேன். அன்ரி அந்தச் சாம்பல் நிறக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். ஏறியவர் கதவோரம் இருக்காமல், நகர்ந்து நகர்ந்து மற்றக் கரைக்குப் போய் யன்னலோடு ஒட்டி உட்கார்ந்தார்.

கணவர் பின்கதவைச் சாத்தப் போனார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி" என்றார் அன்ரி.

கணவர் மழைக்குள் கதவைப் பிடித்தபடி நின்றார். தூறல் உள்ளே அடித்து, காலியாயிருந்த சீற்றில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஒரு ட்ராம் மணியடித்துக்கொண்டு போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப சாத்துங்கோ."

அவர் சாத்தினார். வந்து ஏறிக் காரை எடுத்தார். தெருமுனை திரும்பி, ஹோட்டல் கண்ணாடியில் மறைந்து, பெரிய ரோட்டில் ஏறியதும், பின்னால் இருந்து ஒரு செருமல் கேட்டது.

"வட் இஸ் திஸ், மிஸ்டர்? இந்தக் காரிலை ஹீற்றர் எண்டு ஒண்டு இல்லையோ?"

என் கணவர் சீற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கே பார்க்கிறன், அங்கிள்" என்றார்.